வெப்பமும் காற்றும் அரிக்காத செராமிக்: சிர்க்கோனியம் டைபோரைடு, சிலிக்கான் கார்பைடு கலவையைச் செய்து சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஆக்சிஜனேற்றம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடம் பெயின்ட் அடிக்காமல் விட்டால் துரு செதில் செதிலாக உதிரும். அதே வீட்டுச் சமையலறையில் அலுமினியச் சட்டி இருபது வருடமாக அப்படியே இருக்கும். இரண்டுமே காற்றோடு வினைபுரிகிறவைதான். இரும்பின் ஆக்சைடு உதிர்ந்து, உள்ளே இருக்கும் புது இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கிறது. அலுமினியத்தின் ஆக்சைடோ மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு காற்றை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. 1500, 1600 டிகிரியில் நிற்க வேண்டிய செராமிக்கிலும் இதே கேள்விதான்: மேலே உருவாகும் தோல் உதிருமா, ஒட்டுமா?

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது உருகுநிலை அட்டவணையை. ஹாஃப்னியம் கார்பைடு 3900 டிகிரிக்கு அருகில், டான்டலம் கார்பைடு 3800க்கு மேல், சிர்க்கோனியம் கார்பைடு 3500. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிர்க்கோனியம் கார்பைடை வெறும் 800 டிகிரியில், சாதாரணக் காற்றில் வைத்துப் பாருங்கள். விரிசல் விட்டு, விரிந்து, வெளிர் நிறத் தூளாகிவிடும். உருகுநிலை ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் மேல் உருவாகப்போகும் ஆக்சைடைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிகாட்டியில் சிர்க்கோனியம் டைபோரைடோடு, கன அளவில் 20 சதவீதம் சிலிக்கான் கார்பைடு சேர்ந்த கலவையை எடுத்துக்கொள்கிறேன். 1960களில் அமெரிக்க விமானப்படைக்காக மேன்லேப்ஸ் என்ற நிறுவனம் செய்த ஆய்வுகளிலிருந்தே டைபோரைடுகளுக்கு இந்த 20 சதவீதம் ஓர் அடிப்படை அளவாக நிலைத்துவிட்டது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய கலவை. ஒப்பிட்டுப் பார்க்க வெளியான தரவுகளும் ஏராளம். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பொருள் அவ்வளவு அந்நியமும் இல்லை. சிர்க்கோனியத்தின் மூலமான சிர்க்கான் கனிமம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறது. சிலிக்கான் கார்பைடு செய்யும் கார்போரண்டம் யூனிவர்சலுக்கு இந்த ஊர்தான் தலைமையிடம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் செராமிக்குக்கென்றே தனித்துறை இருக்கிறது.

படி 1: எங்கே நிற்கப்போகிறது என்று முதலில் எழுதுங்கள்

பவுடர் வாங்குவதற்கு முன்னால் நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும். எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம், எந்த வாயு. "அதிக வெப்பம்" என்று மட்டும் எழுதினால் அது விடையே ஆகாது.

ராக்கெட்டில் சூடான வாயு வெளியேறும் குழலான நாசிலுக்குக் கணக்கு நொடிகளிலும் நிமிடங்களிலும். விமான டர்பைனுக்குக் கணக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம். அதுவும் எரிந்த எரிபொருளின் நீராவி நடுவில். நீராவி இருந்தால் ஆட்டமே மாறிவிடும். சிலிக்கான் கார்பைடின் மேல் உருவாகும் சிலிக்காத் தோல், வேகமாக ஓடும் சூடான நீராவியில் சிலிக்கான் ஹைட்ராக்சைடு வாயுவாகி ஓடிவிடும். அதனால்தான் 2016 முதல் பயணிகள் விமானங்களில் பறக்கும் லீப் என்ஜினில், சிலிக்கான் கார்பைடு இழை கலவையால் ஆன பாகங்களுக்கு மேல் நீராவியைத் தடுக்கத் தனிப்பூச்சு போடுகிறார்கள். உங்கள் பயன்பாடு அந்த வகை என்றால் இந்த வழிகாட்டியின் கலவை உங்களுக்கானது இல்லை. உலர்ந்த காற்றில், 1200 முதல் 1600 டிகிரி வரை, நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: தோல் எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

சிர்க்கோனியம் டைபோரைடு மட்டும் காற்றில் சூடானால் இரண்டு ஆக்சைடுகள் பிறக்கும். ஒன்று சிர்க்கோனியா, திடப்பொருள். இன்னொன்று போரான் ஆக்சைடு; இது 450 டிகிரியிலேயே உருகிவிடும். உருகிய போரான் ஆக்சைடு, சிர்க்கோனியாவின் துளைகளில் எண்ணெய் போல நிரம்பி, காற்று உள்ளே போகாமல் அடைக்கிறது. 1000, 1100 டிகிரி வரை இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேல் போரான் ஆக்சைடு ஆவியாகத் தொடங்குகிறது. அடைப்பு போனதும் மிச்சமிருப்பது துளைகள் நிறைந்த வெள்ளைச் சிர்க்கோனியா மட்டும். காற்று தாராளமாக உள்ளே போகும்.

இந்த இடத்தில்தான் சிலிக்கான் கார்பைடு தேவைப்படுகிறது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிலிக்கா ஆகிறது. சிலிக்கா போரான் ஆக்சைடோடு கலந்து போரோசிலிகேட் கண்ணாடி ஆகிறது. ஆய்வகத்துப் பீக்கரும் போரோசிலிகேட்தான், குடும்பம் ஒன்றே. இந்தக் கண்ணாடி போரான் ஆக்சைடு போல் சுலபத்தில் ஆவியாகாது. அதோடு, ஒரு பங்கு சிலிக்கான் கார்பைடு சிலிக்காவாகும்போது கன அளவு இரண்டு மடங்குக்குச் சற்று மேலே பெருகுகிறது. அந்தப் பெருக்கம்தான் துளைகளையும் நுண்விரிசல்களையும் நிரப்புகிறது. சின்ன விரிசல் விட்டாலும் கண்ணாடி வழிந்து வந்து தானே மூடிக்கொள்ளும்.

இதற்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 1500 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும், தோலுக்கு அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில், சிலிக்கான் கார்பைடு சிலிக்கா ஆகாமல் நேரே சிலிக்கான் மோனாக்சைடு வாயுவாகிவிடும். அப்படிப் போன இடத்தில் சல்லடை போன்ற ஓர் அடுக்கு உருவாகும். மேலே கண்ணாடி பளபளப்பாக நன்றாகவே தெரியும், அடியில் அஸ்திவாரம் அரித்துக்கொண்டிருக்கும். வெளித்தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

படி 3: எடை போடுதல்

சிர்க்கோனியம் டைபோரைடின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 6.09 கிராம், சிலிக்கான் கார்பைடின் அடர்த்தி 3.21. கன அளவில் 80க்கு 20 என்றால், 100 கிராம் கலவைக்கு 88.4 கிராம் டைபோரைடும் 11.6 கிராம் கார்பைடும் வேண்டும். கலவையின் கோட்பாட்டு அடர்த்தி 5.51. எடையில் 20 சதவீதம் போட்டுவிட்டால் அது கன அளவில் 32 சதவீதமாகிவிடும். அப்புறம் அடர்த்திக் கணக்கு, பலம், ஆக்சிஜனேற்ற வேகம் எதுவுமே யாருடைய தரவோடும் பொருந்தாது. ரொம்பச் சாதாரணமான தவறு, ஆனால் மாதக்கணக்கில் நேரத்தைத் தின்றுவிடும்.

30 மில்லிமீட்டர் விட்டம், 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பெல்லட்டுக்கு, அதாவது பவுடரை அழுத்திச் செய்யும் வட்டத் துண்டுக்கு, 23.4 கிராம் போதும். பால் மில்லிலும் (உருண்டைகளோடு பவுடரைச் சுழற்றிக் கலக்கும் கருவி) சல்லடையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால் ஒரு பெல்லட்டுக்கு 30 கிராம் என்று கணக்கு வையுங்கள்.

பவுடர் வாங்கும்போது சான்றிதழில் ஆக்சிஜன் அளவைக் கேளுங்கள். தூய்மை 99 சதவீதம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உலோக அசுத்தங்களைப் பற்றியது. துகள் மேலுள்ள ஆக்சைடு அதில் தெரியாது. அந்த ஆக்சைடுதான் பின்னால் உலையில் துகள்களைப் பெரிதாக்கி, துளை மூடாமல் கெடுக்கும். டைபோரைடு 1 முதல் 3 மைக்ரான் வரை, சிலிக்கான் கார்பைடு ஒரு மைக்ரானுக்குக் கீழே இருந்தால் நல்லது. கார்பைடுத் துகள் பெரிதாக இருந்தால் கண்ணாடி திட்டுத் திட்டாக உருவாகும், பலமும் குறையும்.

இத்தோடு எடையில் 2 சதவீதம் போரான் கார்பைடு சேர்ப்பது என் வழக்கம். டைபோரைடின் மேலுள்ள சிர்க்கோனியாவை அது மீண்டும் டைபோரைடாக்கிவிடும். கல்பாக்கத்தில் வேக ஈனுலையின் கட்டுப்பாட்டுக் கோல்களில் நியூட்ரானை உறிஞ்சுவதும் இதே போரான் கார்பைடுதான். இங்கே அது செய்வது துப்புரவு வேலை.

படி 4: கலத்தல், உலர்த்தல்

பாலிஎத்திலின் பாட்டிலில் பவுடர், டங்ஸ்டன் கார்பைடு உருண்டைகள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மூன்றையும் போட்டு, 24 மணி நேரம் பால் மில்லில் மெதுவாகச் சுழற்றுங்கள். தண்ணீர் வேண்டாம், அது துகள் மேல் ஆக்சைடைக் கூட்டும். உருண்டைகளை முன்பும் பின்பும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். தேய்ந்துபோன எடை உங்கள் கலவைக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் டங்ஸ்டன் கெடுதல் செய்யாது. அடர்த்தியாக்கத்துக்கு உதவவே செய்யும். எவ்வளவு என்று தெரிந்திருந்தால் போதும்.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. டைபோரைடு கனமானது, கார்பைடு லேசானது. கலவையைத் தட்டில் ஊற்றி ஓவனில் வைத்துவிட்டுப் போனால், ஆல்கஹால் ஆவியாவதற்குள் கனமானது கீழே படிந்துவிடும். 24 மணி நேரக் கலக்கல் வீண். ரோட்டரி எவாப்பரேட்டர் இருந்தால் சுழற்றிக்கொண்டே உலர்த்துங்கள். இல்லையென்றால் மேக்னெட்டிக் ஸ்டிரர் மேல் வைத்து, கூழாகும் வரை கலக்கிக்கொண்டே இருங்கள். ஆல்கஹால் ஆவி தீப்பற்றும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட்டுக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது.

நம் ஊர் ஈரக்காற்று இந்தப் படிக்கு எதிரி. அக்டோபர், நவம்பர் மழையில் பவுடரைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் அது ஈரம் பிடித்துக்கொள்ளும். வேக்குவம் ஓவனில் உலர்த்தி, 200 மெஷ் சல்லடையில் சலித்து, உடனே ஈரம் புகாத மூடிய ஜாடியான டெசிகேட்டருக்குள் வையுங்கள். டெசிகேட்டரில் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பார்ப்பதைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். இந்த நுண்தூசி நுரையீரலுக்கு நல்லதில்லை.

படி 5: ஹாட் பிரஸ்

சூளை, சூளைமேடு என்று ஊர்ப்பெயர்களிலேயே சூளையை வைத்திருக்கும் நகரம் இது. ஆனால் செங்கல் சூளையின் வெப்பம் இந்தக் கலவைக்கு ஒன்றுமே இல்லை. டைபோரைடின் அணுக்கள் இறுக்கமாகப் பிணைந்தவை. வெறும் வெப்பத்துக்கு லேசில் நகராது. 1900 டிகிரியும் மேலிருந்து அழுத்தமும் சேர வேண்டும்.

கிராஃபைட் டையின் (அச்சின்) உள்பக்கம் போரான் நைட்ரைடு ஸ்பிரே அடித்து, மெல்லிய கிராஃபைட் தாளைச் சுற்றிவிட்டுப் பவுடரை நிரப்புங்கள். தாள் இல்லாவிட்டால் பெல்லட் டையோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்தே உடையும். 30 மில்லிமீட்டர் டையில் 30 மெகாபாஸ்கல் அழுத்தம் என்றால் பிரஸ்ஸில் 21 கிலோ நியூட்டன் வைக்க வேண்டும், அதாவது இரண்டு டன்னுக்குச் சற்று மேலே. உங்கள் கிராஃபைட் எவ்வளவு தாங்கும் என்று விற்றவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வெப்ப ஏற்றம். முதலில் வெற்றிடத்திலேயே 1450 டிகிரி வரை கொண்டுபோய் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு 1650 டிகிரியில் இன்னொரு மணி நேரம். இந்த இரண்டு நிறுத்தங்களிலும் அழுத்தம் கொடுக்காதீர்கள். துகள் மேலிருக்கும் போரான் ஆக்சைடு ஆவியாகவும், போரான் கார்பைடு தன் துப்புரவை முடிக்கவும் இதுதான் நேரம். வேக்குவம் கேஜைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும்: வாயு வெளியேறும்போது வெற்றிடம் கெடும், முடிந்ததும் முள் பழைய இடத்துக்குத் திரும்பும். கடிகாரம் ஒரு மணி நேரம் ஆனதாகக் காட்டினாலும் முள் திரும்பவில்லை என்றால் காத்திருங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் அந்த வாயு உள்ளேயே சிறைப்பட்டுத் துளையாக நின்றுவிடும்.

முள் திரும்பியதும் ஆர்கான் வாயுவை விட்டு, அழுத்தத்தை 30 மெகாபாஸ்கலுக்கு ஏற்றி, 1900 டிகிரிக்குப் போங்கள். பிரஸ்ஸின் தண்டு கீழே இறங்கும் தூரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்து நிமிடத்துக்கு அசைவே இல்லை என்றால் அடர்த்தியாக்கம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 30 முதல் 60 நிமிடம் ஆகும்.

இறக்குவதில்தான் என் முதல் பெல்லட் போனது. 1900 டிகிரியில் வேலை முடிந்ததென்று அழுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு உலையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் டையைத் திறந்தால் மூன்று துண்டு. குளிரும்போது டைபோரைடு அதிகம் சுருங்கும், கார்பைடு குறைவாகச் சுருங்கும். டையும் பெல்லட்டும் சுருங்குவதும் ஒரே அளவில் இல்லை. இப்போது 1600 டிகிரியில் அழுத்தத்தை எடுத்துவிட்டு, 1000 டிகிரி வரை நிமிடத்துக்கு 10 டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். அதன் பிறகு உலை தன் போக்கில் குளிரட்டும்.

உலை பற்றி இன்னும் மூன்று விஷயம், மூன்றும் அனுபவத்தில் வந்தவை.

வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டர் ஒரு கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. உலையிலிருந்து வரும் ஆவி அந்த ஜன்னலில் படியும். படிந்தால் ஒற்றை நிறப் பைரோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கன்ட்ரோலர் அதை நம்பி இன்னும் சூடேற்றும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஜன்னலைத் துடையுங்கள்.

மே மாதத்தில் மின்தடை வந்தால் உலையைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் சில்லர் நிற்கும், உலைச் சுவரின் ரப்பர் வளையங்கள் வெந்துவிடும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து பம்ப் இல்லாமலே தண்ணீர் இறங்கி உலையைச் சுற்றிவர ஒரு குழாய் தயாராக இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரை நேராக விட்டால் உப்புப் படிந்து குழாய் அடைபடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, உயிர் சம்பந்தப்பட்டது. ஏசி போட்டு ஜன்னல் சாத்திய அறையில் ஆர்கான் கசிந்தால், காற்றைவிடக் கனமான அது தரையை ஒட்டித் தேங்கும். வாசனை கிடையாது, மூச்சுமுட்டுவதும் தெரியாது, ஆள் மயங்கி விழுவார். கிராஃபைட் உலையில் கார்பன் மோனாக்சைடும் வரும். இரண்டுக்கும் அளவிகளை அறையில் மாட்டுங்கள். இரவில் தனியாக உலையை ஓட்டாதீர்கள்.

டை வழியாகவே மின்சாரத்தைச் செலுத்திச் சூடேற்றி அழுத்தும் ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் கருவி கிடைத்தால் வேலை இன்னும் சுருக்கம். நிமிடத்துக்கு 100 டிகிரி ஏற்றி, 1800 முதல் 1850 டிகிரியில், 50 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். துகள்களும் பெரிதாக வளராது. ஆனால் அதில் அளப்பது டையின் வெப்பம், உள்ளே அதைவிட அதிகமாக இருக்கும். அதனால் ஹாட் பிரஸ்ஸின் எண்களை அதன் எண்களோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

படி 6: அடர்த்தி, வெட்டுதல்

ஆர்க்கிமிடீஸ் முறையில், அதாவது காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு, அடர்த்தியை அளங்கள். சென்னையில் ஆய்வகத் தண்ணீர் பெரும்பாலும் 30 டிகிரியில்தான் இருக்கும். அந்த வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி 0.9957. 1 என்று போட்டுக் கணக்கிட்டால் அரை சதவீதம் பிழை வரும், நாம் தேடுவதோ கோட்பாட்டு அடர்த்தியில் 97 சதவீதத்துக்கும் 99 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. 98 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜனேற்றச் சோதனைக்கே போகாதீர்கள். திறந்த துளை வழியாகக் காற்று உள்ளே போய்விடும். நீங்கள் அளப்பது கலவையின் குணமாக இருக்காது, துளையின் குணமாக இருக்கும்.

வெட்டுவதற்கு ஒரு நல்ல செய்தி. டைபோரைடு உலோகம் போல் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினா, சிர்க்கோனியாவுக்கெல்லாம் டைமண்ட் வீல்தான் கதி. இதை மட்டும் அம்பத்தூர் எஸ்டேட்டில் டை செய்யும் பட்டறைகளிலுள்ள, கம்பியிலிருந்து பாயும் மின்பொறியால் வெட்டும் வயர் கட் மெஷினிலேயே வெட்டலாம். பட்டறைக்காரரிடம் "அண்ணே, இது செராமிக்" என்று சொன்னால் முதலில் முடியாது என்பார். மல்டிமீட்டரை வைத்துக் காட்டினால் ஒப்புக்கொள்வார். வெட்டிய பரப்பில் தீப்பொறி பட்டு உருகிய மெல்லிய படலம் இருக்கும். அதை டைமண்ட் தாளில் தேய்த்து எடுத்துவிட்டு, 1 மைக்ரான் பேஸ்ட் வரை மெருகேற்றுங்கள். விளிம்புகளை லேசாக மழுக்குங்கள், கூர்விளிம்பில்தான் தோல் முதலில் விரியும்.

படி 7: ஆக்சிஜனேற்றச் சோதனை

ஒவ்வொரு துண்டின் நீள அகல உயரத்தை அளந்து பரப்பைக் கணக்கிடுங்கள். ஆல்கஹாலில் அல்ட்ராசோனிக் குளியல் கொடுத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். நம் ஊர் வெயிலில் விரல் எப்போதும் வியர்த்தே இருக்கும். வியர்வையின் சோடியம் கண்ணாடியின் பாகுத்தன்மையைக் குறைத்து, ஆக்சிஜன் உள்ளே போவதை வேகப்படுத்தும். கைரேகை பட்ட இடத்தில் தோல் தடித்து வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். கையுறையும் இடுக்கியும் போதும்.

1500 டிகிரிக்கு மாலிப்டினம் டைசிலிசைடு ஹீட்டர் உள்ள மஃபிள் ஃபர்னஸ் வேண்டும். துண்டைத் தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள். கண்ணாடி வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சிர்க்கோனியாவால் ஆன கூர்மையான தாங்கிகள் மேல், தொடும் இடம் மிகக் குறைவாக இருக்கும்படி நிறுத்துங்கள். 30 நிமிடம், 1 மணி, 4 மணி, 9 மணி என்று நேரத்துக்கு ஒரு துண்டாகத் தனித்தனியாக வையுங்கள். ஒரே துண்டை எடுத்து எடுத்து வைத்தால் அது சுழற்சிச் சோதனை ஆகிவிடும்; அதையும் செய்யத்தான் வேண்டும், ஆனால் தனியாக.

வெளியே எடுத்ததும் டெசிகேட்டரில் குளிரவிட்டு உடனே எடை போடுங்கள். போரான் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து போரிக் அமிலமாகும், மேலே வெள்ளைப் பொடி பூக்கும். சென்னையில் ஒரு மதியம் வெளியில் கிடந்தால் எடை கூடியிருக்கும். அது ஆக்சிஜன் இல்லை, தண்ணீர்.

எடையை மட்டும் நம்பவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 100 கிராம் டைபோரைடு முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 109 கிராம் சிர்க்கோனியாவும் 62 கிராம் போரான் ஆக்சைடும் கிடைக்கும். எல்லாம் அப்படியே நின்றால் எடை 71 சதவீதம் கூடும். போரான் ஆக்சைடு முழுக்க ஆவியாகிவிட்டால் வெறும் 9 சதவீதம். ஆக, எடை குறைவாகக் கூடியது என்றால் பொருள் நன்றாகத் தாங்கியது என்றும் சொல்லலாம், தோல் ஆவியாகிப் போனது என்றும் சொல்லலாம். எடை மாற்றத்தை மட்டும் வரைபடமாகப் போட்டு ஒரு கலவையை நல்லது என்று அறிவிப்பதை நான் ஏற்பதே இல்லை. துண்டை வெட்டிக் குறுக்குவெட்டில் தோலின் தடிமனை அளக்க வேண்டும்.

அந்தக் குறுக்குவெட்டைத் தண்ணீர் ஊற்றி மெருகேற்றாதீர்கள். போரான் ஆக்சைடு தண்ணீரில் கரையும். இது தெரியாமல் ஒரு முழுப் பருவம் நான் தண்ணீரில் மெருகேற்றி, கண்ணாடி அடுக்கில் வெறும் ஓட்டைகளைப் படமெடுத்து, கலவையே தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் சார்ந்த டைமண்ட் பேஸ்ட், கழுவ ஆல்கஹால். வேறு எதுவும் வேண்டாம்.

படி 8: அடுக்குகளைப் படித்தல்

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் 1500 டிகிரித் துண்டைப் பார்த்தால் வெளியிலிருந்து உள்ளே இப்படி இருக்கும்: முதலில் சிலிக்கா நிறைந்த கண்ணாடி, அடுத்து கண்ணாடி நிரம்பிய சிர்க்கோனியா, அதற்கடியில் மாறாத கலவை. சில துண்டுகளில் 1500 டிகிரியிலேயே, வெப்பம் கூடக் கூட இன்னும் தெளிவாக, நடுவில் சிலிக்கான் கார்பைடு காணாமல்போன சல்லடை அடுக்கு தலைகாட்டும். அந்த அடுக்கு எந்த வெப்பத்தில் தோன்றத் தொடங்குகிறது என்பதை என் அனுபவத்தில் மிக முக்கியமான எண்ணாகக் கருதுகிறேன். அதிலிருந்து ஒரு ஐம்பது, நூறு டிகிரி கீழேதான் உங்கள் பொருளின் பாதுகாப்பான எல்லை.

தோலின் மொத்தத் தடிமனை நேரத்தோடு வைத்துப் பாருங்கள். 1 மணிக்கு இருந்த தடிமன் 4 மணிக்கு இரண்டு மடங்கு, 9 மணிக்கு மூன்று மடங்கு என்றால் தோல் காற்றைத் தடுக்கிறது. ஆக்சிஜன் அதை ஊடுருவ ஊடுருவத்தான் வளர்ச்சி. 4 மணிக்கு நான்கு மடங்கு என்றால் தோல் இருந்தும் பயனில்லை.

சுழற்சிச் சோதனையை ஏன் தனியாகச் செய்ய வேண்டும் என்றால், சிர்க்கோனியா ஏறத்தாழ 1170 டிகிரியில் படிக வடிவம் மாறுகிறது. திரும்பக் குளிரும்போது 4 முதல் 5 சதவீதம் விரிகிறது. சூட்டில் முழுதாக இருந்த தோல் குளிர்ந்ததும் விரிசல் விடுவது இதனால்தான். மறுபடி சூடாகும்போது கண்ணாடி அந்த விரிசலை மூடுகிறதா என்பதே கேள்வி. பத்து முறையாவது ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

படி 9: இரண்டாவது கலவை

முதல் தொகுதி முடிந்த பிறகே செய்முறையை மாற்றுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். சல்லடை அடுக்கு பெரிதாக இருந்தால் சிலிக்கான் கார்பைடில் ஒரு பகுதிக்குப் பதிலாக மாலிப்டினம் டைசிலிசைடு அல்லது டான்டலம் டைசிலிசைடு போட்டுப் பாருங்கள். இன்னும் மேலே, 2000 டிகிரி பக்கம் போக வேண்டும் என்றால் சிர்க்கோனியத்தை விட்டு ஹாஃப்னியத்துக்கு மாற வேண்டியிருக்கும்; ஹாஃப்னியா சிர்க்கோனியாவைவிட அதிக வெப்பத்தில்தான் படிக வடிவம் மாறும். ஆனால் ஹாஃப்னியம் டைபோரைடின் அடர்த்தி 11ஐத் தாண்டும், விலை பல மடங்கு.

படி 10: இழை சேர்ப்பது

இதுவரை சொன்ன பெல்லட் வலிமையானது, ஆனால் அடி தாங்காது. ஒரு விரிசல் புறப்பட்டால் நிற்காமல் மறுமுனை வரை ஓடிவிடும். விமானத்துக்கோ ராக்கெட்டுக்கோ போகும் பாகத்தில் அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்த கொலம்பியா விண்கல விபத்தில் தொடக்கப்புள்ளி, ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையின் முன்விளிம்பில் மோதியதுதான். அந்த விளிம்பு சிலிக்கான் கார்பைடு பூசிய கார்பன் கார்பன் கலவை. வெப்பத்துக்காகச் செய்த பொருள் ஓர் அடியில் ஓட்டையானது. இழை உள்ள கலவைக்கே இப்படி என்றால் இழையே இல்லாத செராமிக்கை நினைத்துப் பாருங்கள்.

இழை விரிசலைத் தடுப்பது இழையின் பலத்தால் மட்டும் இல்லை. இழைக்கும் செராமிக்குக்கும் நடுவில் ஒரு மைக்ரானுக்குக் குறைவான தடிமனில் கார்பன் அல்லது போரான் நைட்ரைடு பூச்சு இருக்க வேண்டும். ஓடிவரும் விரிசல் அந்த மெல்லிய பூச்சில் பக்கவாட்டில் திரும்பிவிடும். பூச்சு இல்லாமல் இழையும் செராமிக்கும் இறுக ஒட்டிக்கொண்டால், விலை உயர்ந்த இழையைப் போட்டும் வெறும் செராமிக் போலவே உடையும்.

சின்ன ஆய்வகத்தில் செய்யக்கூடிய வழி பாலிமரை ஊட்டிச் சுடுவது. பூச்சு போட்ட கார்பன் இழைத் துணிக்குள் டைபோரைடுத் தூள் கலந்த குழம்பை முதலில் ஏற்றுங்கள். பிறகு பாலிகார்போசிலேன் கரைசலை வெற்றிடத்தில் ஊட்டி, ஆர்கானில் 1000 டிகிரிக்கு மேல் சுட்டால் பாலிமர் சிலிக்கான் கார்பைடாக மாறும். மாறும்போது சுருங்கும், துளை விடும். அதனால் மறுபடி ஊட்டி மறுபடி சுட வேண்டும். ஆறு முறை, எட்டு முறை கூட ஆகும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எடை போடுங்கள். ஒரு சுற்றில் எடை 1 சதவீதத்துக்கும் குறைவாகக் கூடினால் நிறுத்திவிடலாம்.

விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2024இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்குக் கார்பன் கார்பன் நாசிலைச் சோதித்தபோது, பழைய உலோக நாசிலைவிட எடை 67 சதவீதம் குறைந்தது. சுமக்கும் திறன் 15 கிலோ வரை கூடும் என்று இஸ்ரோ அறிவித்தது. அந்தக் கார்பனுக்கு மேலேயும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கச் சிலிக்கான் கார்பைடுப் பூச்சு இருக்கிறது. உங்கள் துண்டுக்கும் அதே கவனம் வேண்டும். கார்பன் இழை 500 டிகிரிக் காற்றிலேயே எரியத் தொடங்கும். சோதனைக்காக வெட்டிய விளிம்புகளில் இழையின் நுனிகள் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். உலையில் வைக்கும் முன் அந்த விளிம்புகளுக்கு இன்னும் ஒரு சுற்று பாலிமர் பூசிச் சுட்டுவிடுங்கள். இல்லையென்றால் நுனியில் பிடிக்கும் நெருப்பு இழை வழியாகவே உள்ளே போகும்; வெளியே எடுக்கும்போது மேல்தோல் முழுதாக இருக்கும், உள்ளே இழை இருந்த இடமெல்லாம் வெறும் குழாய்களாக இருக்கும்.